நாலு பந்து பாக்கி

அவள் வீட்டுக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்களிடம் வாசலிலேயே ஒரு கேள்வி வரும். "போன மேட்ச்சுக்கு எங்க உக்காந்திருந்த?" நாம் யோசித்துக்கொண்டு நின்றால் அவளே சொல்லிவிடுவாள். "பீரோவாண்ட. இடது காலை நீட்டிக்கிட்டு இருந்த. போய் அதேமாதிரி உக்காரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நான் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் கை மரத்துப்போய், சாய்ந்திருந்த பக்கத்தை மாற்றினேன். அடுத்த பந்தில் நம் ஆள் அவுட். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அவள் திட்டவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு ஆட்டம் முடிகிறவரை நான் கையை அசைக்கவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் தையல் மெஷினில். அவள் லைனின் கடைசியில் செக்கர். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள், விரலால் ஒரு தடவை தடவுவாள். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் அம்பு ஒட்டினால் ஒட்டியதுதான். சூப்பர்வைசர் வந்து, டார்கெட் போய்விடும் என்று கெஞ்சினாலும் எடுக்க மாட்டாள். "எதது எங்க இருக்கணுமோ அங்க இருந்தா ஒண்ணும் கெடாது சார்" என்பாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரே வாக்கியம்தான். உப்பு ஜாடி இடம் மாறினாலும் அதுதான். சர்ச்சில் அவள் உட்காருகிற பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்தாலும் அதுதான்.

அந்த ஸ்டிக்கரில் மிச்சமானவை வீட்டுக்கும் வந்தன. நாம் ஜெயித்த ஆட்டங்களில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கெல்லாம் தரையில் ஒரு சிவப்பு அம்பு. முதல் முறை அதைப் பார்த்தபோது கலா விழுந்து விழுந்து சிரித்தாள். கலா மூன்றாவது வீடு, எங்கள் லைனில் பசை தடவுகிறவள். அப்போது ஏழு மாதம் கர்ப்பம். பாத்ரூம் போக எழுந்தால்கூட, "ஓவர் முடியட்டும்டி" என்று அக்கா உட்கார வைத்துவிடுவாள். கலா உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பாள். ஓவர் முடிந்ததும் அவளைக் கைப்பிடித்து எழுப்பி, பாத்ரூம்வரை கூட்டிப் போய், வெளியில் நின்று, திரும்பக் கூட்டிவந்து அதே அம்பின் மேல் உட்கார வைப்பதும் அக்காதான். எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வெந்நீர் வைத்துக்கொண்டு வருகிறவளும் அவள்தான். அதனால் யாருக்கும் அவள்மேல் கோபம் வராது.

ஆனால் ஒரு தடவை எனக்குப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறை இருட்டு. நான் எழப் போனேன். "உக்காரு. கரண்ட் இங்கதான் இல்ல. அங்க ஆடிக்கிட்டுதான இருக்காங்க" என்றாள். கால் மணி நேரம் போல அணைந்த டிவிக்கு எதிரே ஐந்து பேர் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வேர்வை கழுத்தில் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை. திடீரென்று அக்கா மெதுவாக, "போச்சு" என்றாள். சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. ஒரு விக்கெட் விழுந்திருந்தது. கலா என் கையைப் பிடித்தாள். 

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். டேனரியில் டிரம்மில் தோலைப் போட்டு எடுக்கிற வேலை. பெரிய உடம்பு, சின்னக் குரல். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவரோடு ஒரு பச்சைத்தோல் வாடை வரும். எங்களுக்கெல்லாம் பழகிப்போன வாடை. கிரிக்கெட் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று என்னையே இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

ஷிப்ட் முடிந்து அவர் உள்ளே கால் வைத்ததும் விக்கெட் விழுந்தது. மூன்று ஆட்டத்தில் மூன்று முறை அப்படி ஆயிற்று. மூன்றாவது முறை அக்கா எழுந்து போய் அவர் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து அவரிடமே கொடுத்தாள். "நீங்க வந்தா விழுதுங்க. முடிஞ்சதும் வாங்க."

"சரி" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஆட்டம் என்றால் மாமா வெளியே. அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "நான் ஒருத்தன் வீட்ல இருந்தா ஒரு நாடே தோத்துடுமாம். சும்மாவா" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் பகல் ஆட்டம் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் டீ குடித்துக் கலைந்தோம். ஆறு மணிக்குக் கலாவின் வீட்டுக்காரர் வந்து, "மாமா ஏன் தெரு முனையில நிக்கிறாரு? மதியத்துல இருந்து நிக்கிறாரே" என்று கேட்டார். அக்கா ஓடினாள். அன்றைக்கு அவரிடம், "நானே வந்து கூப்பிடுறேன், அதுவரைக்கும் வராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பிறகு மறந்துவிட்டாள். வெயிலில் முகம் கறுத்துப்போய் அவர் வந்தார். "நீ கூப்பிடலியே. அதான்" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தைத்து வந்த தோலைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று ராத்திரி அவருக்குக் கோழிக்குழம்பு வைத்தாள்.

இருபது ஓவர் உலகக் கோப்பை முதன்முதலாக நடந்த வருஷம் அது. ஒருநாள் ஆட்ட உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருந்த நேரம். இந்தக் கோப்பையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெற்றிக்கும் தரையில் அம்புகள் கூடின. அரையிறுதியிலும் ஜெயித்தபோது, கோப்பை நம் வீட்டுத் தரையில்தான் இருக்கிறது என்று நாங்களே பாதி நம்பத் தொடங்கியிருந்தோம்.

இறுதி ஆட்டம் ஒரு வேலை நாளில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்ததால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பம். எதிரில் பாகிஸ்தான். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நாங்கள் ஓடி வந்தபோது மாமா குளித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை இருந்தது. "குளிச்ச பொறவும் இப்படி வேர்க்குது பாரு" என்று துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டாண்ட டீக்கடையில இருங்க. இன்னிக்கு எங்கயும் டிவியைப் பார்த்துடாதீங்க" என்றாள் அக்கா.

"பார்க்கல."

"ஒன்பது மணிக்குள்ள முடிஞ்சிடும்."

"சரி" என்றார். அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். எல்லோரும் அவரவர் அம்பில் உட்கார்ந்தோம். என் இடம் கதவை ஒட்டி, தரையில். முதுகுக்குக் கதவு நிலை.

நோன்பு மாதம். நான்காவது வீட்டு ஷமீம் எங்களோடு இருந்தாள். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சைரன் ஊதியபோதும் அவளால் எழ முடியவில்லை. அவள் அம்பு ஜன்னலுக்குக் கீழே. அக்காவே பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை ஒரு கண்ணை டிவியிலும் ஒரு கண்ணை அவளிடமும் வைத்தபடி பக்கத்தில் நின்றாள். ஷமீமின் வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தெருவில் பாதி ஆண்கள் தொழுகையில், மீதிப் பேர் டிவி முன்னால். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஆடும்போது விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தபோது ஒருவன் நின்றுகொண்டு ஒரே ஓவரில் மூன்று சிக்ஸர் அடித்தான்.  அது பதினேழாவது ஓவர். இதை நான் குறித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

கடைசி ஓவர். அவர்களுக்குப் பதின்மூன்று ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். முதலில் ஒரு வைடு. அடுத்த பந்தில் ஒன்றுமில்லை. அதற்கடுத்தது சிக்ஸர். நான்கு பந்தில் ஆறு ரன். கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

இரண்டு தட்டு. பலமாக இல்லை. கதவில் சாய்ந்திருந்த என் முதுகில் அது அதிர்ந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவருதான். தொறக்காதீங்க" என்றாள்.

பிறகு கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னும் எத்தனை பால்?"

மாமாவின் குரல்தான். அதே சின்னக் குரல். சரியாக என் காதுக்கு நேராகக் கேட்டது.

"நாலு பால்தான். அங்கயே இருங்க" என்றாள் அக்கா, கொஞ்சம் உரக்க.

அடுத்த பந்து. அந்த ஆள் குனிந்து பந்தைப் பின்பக்கமாகத் தூக்கிவிட்டான். அது மேலே போய்க்கொண்டே இருந்தது. கீழே நம் ஆள் ஒருவன் காத்திருந்தான். பிடித்துவிட்டான். நாலு பந்து வேண்டியிருக்கவில்லை. ஒன்றே போதுமாக இருந்தது.

நாங்கள் கத்திய கத்தலில் டிவி மேலிருந்த பூச்சாடி விழுந்தது. ஷமீம் அழுதாள். அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள். அப்புறம், "அவரை உள்ள கூப்பிடு" என்றாள் என்னிடம். நான் தாழை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை.

எங்கள் சந்து ஒரு முட்டுச்சந்து. ஒரு பக்கம் மூடிப்போன டேனரியின் சுவர், இன்னொரு பக்கம் ஐந்து வீடு. முனைவரைக்கும் டியூப்லைட் வெளிச்சம். நடந்து போயிருந்தால் தெரியும். ஓடியிருந்தாலும் தெரியும். அதற்குள் மற்ற வீடுகளின் கதவுகள் திறந்தன, எங்கேயோ பட்டாசு வெடித்தது. "ஜெயிச்ச சத்தம் கேட்டு டீக்கடைக்கே திரும்பிப் போயிருப்பாரு" என்றாள் அக்கா. உள்ளே போய்த் தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

அரை மணி நேரம் கழித்து மாமாவோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் ஒரு டிவிஎஸ் வண்டியில் வந்தார்கள். இறங்கியவர்கள் வீட்டுக்குள் வராமல் நின்றார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாமா டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டாராம். ஆட்டோவில் ஏற்றும்போதே மூச்சு இல்லையாம். சட்டைப்பையிலிருந்த கம்பெனி கார்டைப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து டேனரிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எப்போ?" என்றாள்.

அவர்களுக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் அவள் வேலைக்கு வந்தாள். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "என்கூட வா" என்று என்னை அந்த டீக்கடைக்கு அழைத்துப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கடைக்காரர் வயதான பாய். அவள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார்.

"நல்ல மனுஷன்மா. டிவிக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்துதான் உக்காருவாரு. ஏன்யா திரும்பி உக்காந்திருக்கன்னு கேட்டா, வீட்ல சொல்லியிருக்காங்கன்னு சிரிப்பாரு. அன்னிக்கும் அப்படித்தான்."

"எத்தனை மணிக்கு பாய்?"

"மணி யாரு பார்த்தாம்மா. ஆனா நல்லா ஞாபகம் இருக்கு. ஒரே ஓவர்ல மூணு சிக்ஸ் போச்சு பாரு, அதுல மூணாவது சிக்ஸுக்கு எல்லாரும் ஐயோன்னாங்க. நான் திரும்பிப் பார்க்கிறேன், இவரு சாஞ்சுட்டாரு. உடனே ஆட்டோல ஏத்திட்டோம்."

"வீட்டுக்கு யாரையாவது அனுப்பினீங்களா?"

"யாரை அனுப்பறது? வீடு எங்கன்னே எனக்குத் தெரியாதேம்மா."

அக்கா வாய்க்குள் எண்ணினாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது.  அன்றைக்கே வீடு வீடாகப் போய், கதவு தட்டும் சத்தம் எப்போது கேட்டது என்று கேட்டாள். கடிகாரம் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஓவர் தெரியும். பந்துகூடத் தெரியும். "சிக்ஸ் போன பொறவுக்கா. நாலு பால் இருந்துச்சு. நீங்களே சொன்னீங்களே" என்றாள் ஷமீம். கலாவும் அதையேதான் சொன்னாள். அப்புறம் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "எவனாவது குடிகாரன் தட்டியிருப்பான்கா" என்று சேர்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்கு மட்டும் அவள் வரவில்லை. நான்தான் கதவை ஒட்டி இருந்தவள். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்தேன். அவளுக்குத்தான் குரல் கேட்டிருக்கிறதே, பதிலும் சொன்னாளே, என்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஷமீமும் கலாவும் அந்தக் குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களும் பயத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நின்றுகொண்டு பேசுகிறவர் குரல் எனக்கு மேலிருந்து அல்லவா வந்திருக்க வேண்டும்?

இனிமேல் அந்த வீட்டில் டிவி ஓடாது என்று நினைத்தோம். ஓடியது. எல்லா ஆட்டமும் பார்த்தாள். தனியாக, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. எங்களை அவள் கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை. ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது உள்ளே பார்த்தேன். டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் அம்புகள் அப்படியே இருந்தன. அக்கா டிவிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆகி வேலூருக்கு வந்துவிட்டேன். லாங் பஜாருக்குப் பின்னால் வீடு. ஆம்பூர் வரிசையும் கலைந்தது. அக்கா ராணிப்பேட்டையில் வேறொரு ஷூ கம்பெனிக்கு மாறிவிட்டதாகக் கலா சொன்னாள். அந்த இறுதி ஆட்டத்துக்கு நான்கு வருஷம் கழித்து ஒருநாள் ஆட்ட உலகக் கோப்பையை நம்மவர்கள் வாங்கியபோது தெருவே ஆடியது. நான் அவளுக்கு போன் செய்ய எண்ணை எடுத்தேன். செய்யவில்லை.

பிறகு எவ்வளவோ வருஷம் போய், அந்த இருபது ஓவர் கோப்பையை மறுபடியும் ஜெயித்தோம். மறுநாள் முழுக்க டிவியில், பழைய முதல் கோப்பையின் கடைசி ஓவரைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பழைய வரிசை ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். அதில் ஒரே பேச்சு. யார் எங்கே உட்கார்ந்திருந்தோம், ஷமீம் கஞ்சியை எப்படிக் குடித்தாள், கலாவின் மகள் பிறக்கும் முன்பே கோப்பை பார்த்துவிட்டாள், அந்த கேட்ச் மேலே போனபோது யார் கடவுளைக் கூப்பிட்டார்கள். பந்து பந்தாக எழுதினார்கள். சிக்ஸரை எழுதினார்கள், கேட்ச்சை எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை ஒருவரும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கண் மட்டும் அதே கண். ஒற்றை அறை வீடு, கதவு திறந்திருந்தது. டிவி இல்லை. காபி கொடுத்தாள். கலாவின் மகளைப் பற்றி, என் பையனின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். நான் தம்ளரைக் கீழே வைத்தபோது, "நீ கதவாண்டதான உக்காந்திருந்த" என்றாள்.

"ஆமாக்கா."

"உன்னை மட்டும் நான் கேக்கவே இல்ல. பயமா இருந்திச்சு. இப்ப கேக்கறேன். தட்டினாரே, அப்புறம் எதனா சொன்னாரா?"

 "இன்னாக்கா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான் பதில் சொன்னீங்களே, நாலு பால்னு."

"தட்டுற சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. வெளிய நிக்கிறாரே, எவ்ளோ நேரம் ஆகும்னு தெரியட்டுமேன்னு நானா சொன்னேன். அவரு கேட்டாரா?"

அறைக்குள் வெயில் இருந்தது. வெளியே ஒரு லாரி போனது.  இத்தனை வருஷம் ஷமீமும் கலாவும் பேசாமல் இருந்தது பயத்தினால் அல்ல. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் முன்னால் அது நிற்காது.

"கேட்டாருக்கா. இன்னும் எத்தனை பால்னு கேட்டாரு."

 "கோவமாக் கேட்டாரா?"

"இல்லக்கா. சாதாரணமாத்தான்."

"வலியோட கேட்ட மாதிரி இருந்துச்சா?"

"இல்ல. நிதானமாத்தான் இருந்துச்சு. களைச்சுப்போய் உக்காந்துக்கிட்டுக் கேட்ட மாதிரி."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அப்போ நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

"கேட்டிருக்கும்கா. அவ்ளோ கிட்ட இருந்தாரு."

"நாலுன்னு சொல்லிட்டேன்."

"ஆமா."

"ஒரே பால்ல முடிஞ்சிடுச்சு. அவருக்கு ஆட்டம் தெரியாது. நாலுன்னா நாலுதான் அவருக்கு." வாசலைப் பார்த்தபடி, உப்புக் குறைந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "இன்னும் மூணு பாக்கி இருக்கே."

 கடைசி பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தும், கிளம்புகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து, "அடிக்கடி வா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் கால் வைத்தவள், என்னை அறியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, கதவை ஒட்டி ஒருவர் உட்காருகிற அளவு இடத்தை விட்டுவிட்டு இறங்கினேன்.